சராசரி மறைத்ததைத் தாமத விகிதம் காட்டியது

கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு மொத்த விற்பனை நிறுவனத்தின் தரவுகளை நான் கவனித்துவந்த காலத்தில், கடைகளுக்குப் பொருள் சென்றடைய எடுக்கும் சராசரி நேரம் மாதாமாதம் அறிக்கையாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த எண் நன்றாகவே இருந்தும், வெள்ளவத்தை, தெஹிவளைக் கடைக்காரர்களின் முறைப்பாடுகள் குறையவில்லை. புதிய மென்பொருள் வாங்கும் பேச்சு எழுந்தபோது முகாமையாளரிடம், "சேர், இந்த எண்ணைப் பார்த்து எந்த முடிவை மாற்றுவீர்கள்?" என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "சொன்ன நாளில் சாமான் போய்ச் சேர வேணும், அவ்வளவுதான்" என்றார்.

குறிக்கோள் அதுவென்றால் சராசரி அதற்குப் பொருந்தாது. விரைவாகப் போன பல ஓடர்கள் பிந்திய சிலவற்றை மறைத்துவிடும். ஆகவே நாள்தோறும் பிந்திய ஓடர்களின் விகிதத்தை எடுத்து, அமெரிக்கப் பொறியியலாளர் வால்டர் ஷூவார்ட் 1924இல் முன்வைத்த, இயல்பான ஏற்ற இறக்கத்தையும் அசாதாரண மாற்றத்தையும் பிரித்துக் காட்டும் கட்டுப்பாட்டு வரைபட முறையில், மொத்தச் சராசரி விகிதத்திலிருந்து மூன்று நியம விலகல் (இயல்பான சிதறலின் அளவு) தூரத்தில் எல்லைக் கோடுகளை இட்டுக் குறித்தேன். ஓடர்களின் எண்ணிக்கை நாளுக்கு நாள் வேறுபடுவதால் எல்லையையும் அன்றன்றைக்கே கணிக்க வேண்டும். இல்லாவிட்டால், விகிதம் இயல்பாகவே கூடுதலாக ஏறி இறங்கும் ஓடர் குறைந்த நாட்கள் வீணாகச் சந்தேகத்துக்குள்ளாகும். இதற்கு எக்செல்லே போதும்.

மேல் எல்லையைத் தாண்டிய புள்ளிகள் பெரும்பாலும் போயா (பௌர்ணமி) விடுமுறைக்கு மறுநாளில் விழுந்தன: இரண்டு நாள் ஓடர்கள், ஒரே லொறி. அந்நாட்களுக்கு மட்டும் இரண்டாவது லொறி ஒழுங்குசெய்யப்பட்டது. ஏனைய நாட்களின் இயல்பான ஏற்ற இறக்கத்துக்காகச் சாரதிகளிடம் விளக்கம் கேட்கும் வழக்கமும் நின்றது. இதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.