பாட்டுக்கு முன்னால் ஒரு கதை

பழைய பாட்டு போட்டால் பிள்ளைகள் காதைப் பொத்துகிறார்களா? முதலில் பக்கத்து ஊர்க் கதை ஒன்றைச் சொல்லுங்கள்.

நாகர்கோவில் ஒழுகினசேரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. “கலைவாணர் என்.எஸ்.கே. பிறந்தது இந்த ஊர்லதான், 1908-ல” என்றேன். மகள் அசையவில்லை. எம்.ஜி.ஆரின் முதல் படமான ‘சதி லீலாவதி’யில் (1936) அவரும் நடித்திருக்கிறார் என்றதும், “நம்ம ஊருக்காரரா?” என்று ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் யூடியூபில் அவருடைய நகைச்சுவைக் காட்சி ஒன்று, ஐந்தே நிமிடம். முழுப் படம் வேண்டாம், கொட்டாவி வந்துவிடும். எனக்கே வரும்.

அப்புறம், அவர்கள் காட்டும் ரீல்ஸையும் ஒன்றாவது பாருங்கள். ‘எங்க காலத்துல’ என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள், எழுந்து போய்விடுவார்கள்.