மால்டா யூரோ நாணயம்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

மால்டா தன் லிராவைக் கைவிட்டு யூரோவுக்கு மாறியது 2008 ஜனவரி 1 அன்று. இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொண்டாலே பாதி ஏமாற்று விலகிவிடும். தேசியப் பக்கத்தில், அதாவது ஒவ்வொரு நாடும் தன் படத்தைப் போடும் பக்கத்தில், 2003, 2004 என்று ஆண்டு போட்ட 'மால்டா யூரோ' சந்தையில் கிடைக்கும். அவை தனியார் அடித்து விற்ற மாதிரிக் காசுகள், செல்லுபடியாகும் பணமே அல்ல. அழகுக்காக வாங்கலாம், அசல் நாணயத்தின் விலை கொடுக்காதீர்கள்.

அடுத்து படம். 1, 2, 5 சென்ட்டில் மினஜ்த்ரா என்ற தொல்கோயிலின் பலிபீடம். 10, 20, 50 சென்ட்டில் நாட்டின் சின்னம். 1, 2 யூரோவில் எட்டு முனைச் சிலுவை. இவற்றை வடித்தவர் நோயல் கலேயா பாசோன். கருப்பொருளைத் தேர்ந்தெடுப்பதில் மக்கள் வாக்கும் கேட்கப்பட்டது. 50 சென்ட்டைப் பத்து மடங்கு லென்ஸில் வைத்துப் பாருங்கள்: கேடயத்தின் இடது மேல்மூலையில் இருக்கும் சிறிய சிலுவை ஜார்ஜ் சிலுவை, அதாவது வீரத்துக்காகப் பிரிட்டன் மால்டாவுக்கு வழங்கிய பதக்கம். 1, 2 யூரோ காசில் இருக்கும் எட்டு முனைச் சிலுவை வேறு. புதிதாகச் சேர்ப்பவர்கள் இரண்டையும் ஒன்றென்று குழப்பிக்கொள்கிறார்கள். கேடயத்தின் மேல் கோட்டை மதில் போன்ற கிரீடம், ஒருபுறம் ஒலிவக் கிளை, மறுபுறம் ஈச்ச ஓலை, அடியில் நாட்டின் பெயர் பொறித்த நாடா. அந்த நாடாவின் எழுத்து மங்கலாக இருந்தால் கவனமாகப் பாருங்கள்.

எல்லா யூரோ நாடுகளுக்கும் ஒரே மாதிரியான பொதுப் பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். 10 சென்ட் முதல் 2 யூரோ வரை மால்டா காசுகளில் நாட்டு எல்லைகள் இல்லாத புதிய ஐரோப்பிய வரைபடமே இருக்க வேண்டும். நாடுகள் தனித்தனித் துண்டுகளாகத் தெரியும் பழைய வரைபடம் இருந்தால் சந்தேகப்படுங்கள். காசைப் புத்தகப் பக்கம் போல இடமிருந்து வலமாகத் திருப்பினால் இரண்டு பக்கமும் நேராக நிற்க வேண்டும். சில நாட்டு நாணயங்கள் தலைகீழாக நிற்பதுண்டு, யூரோ அப்படியில்லை.

இனி தராசு, காந்தம், வெர்னியர் அளவி. தராசு 0.01 கிராம் காட்டுவதாக இருக்கட்டும். 2 யூரோ 8.50 கிராம், குறுக்களவு 25.75 மிமீ. 1 யூரோ 7.50 கிராம், 23.25 மிமீ. 50 சென்ட் 7.80 கிராம், 24.25 மிமீ. புழங்கித் தேய்ந்ததில் சிறு குறைவு வரும். அரை கிராம் வித்தியாசம் வந்தால் வாங்காதீர்கள். 1, 2, 5 சென்ட் செம்பு பூசிய எஃகு, காந்தத்தில் பட்டென்று ஒட்டும். 10, 20, 50 சென்ட் ஒட்டவே கூடாது. 1, 2 யூரோவில் நடுவட்டத்துக்குள் நிக்கல் அடுக்கு இருப்பதால் அது மட்டும் லேசாக இழுபடும். வெளிவளையம் இழுபட்டால் போலி.

2 யூரோவின் விளிம்பில் '2' என்ற எண்ணும் மால்டா சிலுவைகளும் நேராகவும் தலைகீழாகவும் மாறி மாறி வரும். 'எழுத்து தலைகீழாக இருக்கிறது, அரிய பிழைக்காசு' என்று கூடுதல் விலை சொல்பவரிடம் இதைச் சொல்லிவிட்டு நகருங்கள். 2008 ஆண்டுக் காசும் முதல் ஆண்டு என்பதற்காக அரிதாகிவிடாது. பெருமளவில் அடிக்கப்பட்டவை அவை. சேர்க்கத் தகுந்தவை நினைவு 2 யூரோக்கள், குறிப்பாக 2016இல் ஜிகாந்தியாவோடு தொடங்கிய தொல்கோயில் வரிசை.

வைத்திருக்கும்போது பிவிசி உறை வேண்டாம். நாளடைவில் பச்சைப் பிசுபிசுப்பு படியும். செம்புப் பூச்சுக் காசில் கீறல் விழுந்தால் ஈரக்காற்றில் உள்ளிருக்கும் எஃகு துருப்பிடிக்கும், எனவே பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். பளபளப்பாக்குகிறேன் என்று புளியோ விபூதியோ போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். தேய்த்த காசுக்குச் சேகரிப்பாளர் யாரும் முகமதிப்புக்கு மேல் தரமாட்டார்.