வால்பாறைக்கு மலையேறும் முன்

வால்பாறைக்குச் செல்ல விரும்புவோர் எந்தெந்த இடங்களைப் பார்ப்பது என்று பட்டியல் போடுவதற்கு முன், எந்த நேரத்தில் மலையேறுவது, எத்தனை இரவு தங்குவது என்ற இரண்டையும் முடிவு செய்துகொள்ள வேண்டும். காலையில் பொள்ளாச்சியிலிருந்து புறப்பட்டு மாலையில் திரும்பிவிடலாம் என்று வருகிறவர்கள் நாளின் பெரும்பகுதியை வளைவுகளிலேயே கழித்துவிட்டு, மூடுபனி இறங்கும் வேளையில் அவசர அவசரமாக மலையிறங்குவதை ஒவ்வொரு விடுமுறையிலும் காண முடிகிறது. குறைந்தது இரண்டு இரவுகளாவது தங்குங்கள். அதற்கு நேரம் இல்லையென்றால் பயணத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது.

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை ஏறத்தாழ 64 கிலோமீட்டர். ஆழியாறு வரை சமவெளி. அங்குள்ள வனத்துறைச் சோதனைச் சாவடியைக் கடந்ததும் 40 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. சொந்த வாகனத்தில் வரும் வெளியூர்ப் பயணிகளுக்கு 2025 நவம்பர் 1 முதல் இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அதை இணையத்தில் முன்கூட்டியே பெற்றுவிட்டால் சாவடியில் நிற்கும் நேரம் மிச்சமாகும். ஆனைமலைக் காட்டுக்குள் இருக்கும் டாப்சிலிப்பையும் ஒரே சுற்றில் பார்த்துவிடலாம் என்று சிலர் திட்டமிடுகிறார்கள். அது சேத்துமடை வழியாகச் செல்லும் வேறு பாதை. அதற்கென்று தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டும்.

வாகனம் ஓட்டத் தயங்குவோருக்குப் பொள்ளாச்சியிலிருந்து செல்லும் அரசுப் பேருந்தே சிறந்தது என்பது என் கருத்து. அந்த ஓட்டுநர்களுக்கு ஒவ்வொரு வளைவின் குணமும் தெரியும். பேருந்தின் சன்னல் உயரமாக இருப்பதால் பள்ளத்தாக்கும் நன்றாகத் தெரியும். தாமே ஓட்டி வருவோர் மேலேறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பதையும், வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும் என்பதையும் மறவாதிருக்க வேண்டும். ஒன்பதாவது வளைவில் உள்ள லோம்ஸ் வியூ காட்சிமுனையில் இறங்கி நின்றால் ஆழியாறு அணை முழுவதும் கீழே விரிந்து கிடக்கும். அங்குள்ள பாறைச் சரிவுகளில் தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடுகள் மேய்வதை அடிக்கடி காணலாம். பாறையின் நிறமும் ஆட்டின் நிறமும் ஒன்றிப்போவதால், அசைவு தெரியும் வரை பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

அட்டகட்டியைத் தாண்டி மேலே செல்லச் செல்லக் குளிர் கூடும். மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று மலைமுகட்டில் மோதி மேலெழும்போது குளிர்ந்து மேகமாகிறது. அந்த மேகம் நிலத்தைத் தொட்டு நகர்வதைத்தான் நாம் மூடுபனி என்கிறோம். இந்தப் பாதையில் அது அடர்த்தியாகத் திரளும் இடம் கவர்க்கல். மலைச்சரிவுகள் தேயிலைத் தோட்டங்களாக மாறிய காலத்தில் முன்னோடியாக இருந்த கார்வர் மார்ஷின் சிலையும் அங்கேதான் இருக்கிறது. ஒருமுறை மாலை ஐந்தரை மணிக்கு அங்கே சென்றபோது, சிலை பத்தடி தொலைவில் இருந்தும் என் கண்ணுக்குப் புலப்படவில்லை. அன்று முதல் பிற்பகல் மூன்று மணிக்குள் கவர்க்கல்லைக் கடந்துவிடுவதை வழக்கமாக வைத்திருக்கிறேன். மூடுபனியில் முகப்பு விளக்கை உயர்ந்த ஒளியில் வைத்தால் அந்த ஒளி நீர்த்துளிகளில் பட்டுத் திரும்பி நம் கண்ணையே கூசச் செய்யும். ஆகவே தாழ்ந்த ஒளியில் வைத்து, சாலையோரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்து மெதுவாகச் செல்ல வேண்டும். முன்னே எதுவும் தெரியாத நிலையில் சாலையிலேயே வண்டியை நிறுத்துவது பின்னால் வருபவருக்கு ஆபத்து. சாலையை விட்டு விலகி நிறுத்த இடம் கிடைக்கும் வரை நகர்ந்துகொண்டிருக்க வேண்டும்.

இருட்டுவதற்குள் அறைக்குச் சென்றுவிட வேண்டும் என்பதற்கு மூடுபனியைவிட முக்கியமான காரணம் யானை. வால்பாறை மேட்டுநிலம் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் காடுகளால் சூழப்பட்டது. தேயிலைக்கு நடுவே துண்டுதுண்டாக எஞ்சியிருக்கும் சோலைகளையும், நடு ஆறு, சோலையாறு ஆகியவற்றின் கரையோரங்களையும் யானைகள் இன்றும் தம் வழியாகப் பயன்படுத்துகின்றன. பகலில் சோலைக்குள் நின்றுவிட்டு, அந்தி சாய்ந்ததும் அவை தேயிலைக்குள்ளும் சாலைக்கும் வருகின்றன. யானைகள் அருகில் இருப்பதை அறிவிக்க, பல எஸ்டேட்களில் உயரமான இடங்களில் சிவப்பு விளக்குகள் பொருத்தப்பட்டிருக்கின்றன. அவற்றைக் கைபேசி மூலம் எரியவிடுகிறார்கள். இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் ஊர்மக்களோடும் வனத்துறையோடும் சேர்ந்து உருவாக்கிய ஏற்பாடு அது. அந்த விளக்கு எரிவதைக் கண்டால் அந்தப் பக்கம் நடக்கவே கூடாது. சாலையில் யானையை எதிர்கொண்டால் ஒலிப்பான் அடிக்காமல், வண்டியை விட்டு இறங்காமல், போதிய தொலைவில் நின்று அது கடந்து செல்லும் வரை காத்திருக்க வேண்டும். குட்டி முன்னே சென்றுவிட்டது, இனிப் போகலாம் என்று நினைப்பது பெரும் தவறு. தாய் பின்னால் தேயிலைக்குள் நிற்கக்கூடும். சிறுத்தை நடமாட்டமும் உள்ள ஊர் என்பதால் மாலைக்குப் பிறகு குழந்தைகளை முற்றத்தில் தனியே விளையாட விடக்கூடாது.

ஊருக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால் வரும் புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகளைக் காணலாம். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத இனம் அது. அவை சாலையைக் கடக்கும்போது வண்டியில் அடிபடாமல் இருப்பதற்காக மரத்துக்கு மரம் தொங்கு பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். ஒருவர் பரிவோடு நீட்டும் ஒரு வாழைப்பழம் அந்த முயற்சியையே வீணாக்கிவிடுகிறது. உணவு கிடைக்கும் என்று பழகிவிட்டால் குரங்கு பாலத்தை விட்டுச் சாலைக்கு இறங்கிவிடும். எதையும் கொடுக்காதீர்கள். வண்டியை ஓரமாக நிறுத்தி, பேசாமல் நின்றால் போதும். அவை பலாப்பழத்தைப் பிளந்து தின்னும் அழகை மிக அருகிலேயே பார்க்கலாம். அப்போது தலைக்கு மேலே நீராவி எஞ்சின் மூச்சு விடுவது போன்ற சத்தம் கேட்டால் அண்ணாந்து பாருங்கள்: பெரிய இருவாச்சி சிறகடித்துச் செல்லும் ஒலி அது.

தேயிலைத் தோட்டம் சுற்றுலாப் பூங்கா அல்ல; பலருடைய பணியிடம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். கொழுந்து பறிப்பவர்கள் எடைபோடும் நேரத்துக்குள் பையை நிரப்ப வேண்டிய கட்டாயத்தில் இருப்பார்கள். அவர்களைப் படம் எடுப்பதற்கு முன் அனுமதி கேட்பதே முறை. பொதுச் சாலையிலிருந்து பார்ப்பதற்குத் தடையில்லை; செடிகளுக்கு நடுவே இறங்க எஸ்டேட்டாரின் அனுமதி வேண்டும். பூச்சிமருந்து தெளித்திருக்கலாம் என்பதால் இலையைக் கிள்ளி வாயில் போடக்கூடாது. சில சரிவுகள் பழுப்பாக மொட்டையடித்தாற்போல இருப்பதைக் கண்டு செடிகள் பட்டுப்போயின என்று வருந்த வேண்டாம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து செய்து, அதாவது கிளைகளை வெட்டிவிட்டு, மீண்டும் துளிர்க்க விட்டிருப்பார்கள்.

பார்க்கும் இடங்களை ஒரு நாளுக்கு ஒரு திசை என்று பிரித்துக்கொள்ளலாம். ஒரு நாள் சோலையாறு அணை; பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தைச் சேர்ந்த இந்த அணையின் உயரம் 105 மீட்டர். மற்றொரு நாள் காலையில், மேகம் திரள்வதற்கு முன், நல்லமுடி காட்சிமுனை. அக்காமலைப் புல்மலைக்கு வனத்துறையின் முன் அனுமதி இன்றிச் செல்ல முடியாது. கூழாங்கல் ஆற்றில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தெளிந்த நீரில் ஆழம் குறைவாகத் தோன்றும், பாறைகள் வழுக்கும், மேலே பெய்த மழையால் நீர்வரத்து திடீரென உயரும். இப்பகுதி ஆறுகளில் குளிக்க இறங்கிப் பலர் உயிரிழந்திருக்கிறார்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை விடாமல் பெய்யும். தமிழ்நாட்டில் மிகுதியான மழை பெறும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாறு இங்கேதான் உள்ளது. அந்த மாதங்களில் மண்சரிவு அறிவிப்புகளைப் பார்த்த பிறகே புறப்பட வேண்டும். மழைக்காலத்துப் பசுமையைக் காண விரும்புவோர் அட்டைப்பூச்சிகளைச் சமாளிக்க நீளமான காலுறையும் சிறிது உப்பும் எடுத்துச் செல்ல வேண்டும். அட்டையைப் பிடித்து இழுக்காமல் உப்பு வைத்தால் தானே விழுந்துவிடும். துவைத்த துணி இங்கே ஒரு நாளில் உலராது என்பதால் மாற்றுடை கூடுதலாக வேண்டும். முதல் முறை வருவோருக்கு நான் சொல்வது டிசம்பர், ஜனவரி மாதங்களைத்தான்: காலையில் தெளிந்த வானம், மாலையில் மஞ்சு, இரவில் கம்பளியை விட மனம் வராத குளிர்.

தேயிலை வாங்குவதைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது ஈரத்தையும் அருகிலுள்ள பொருள்களின் வாசனையையும் எளிதில் இழுத்துக்கொள்ளும். ஆகவே பிரிக்காத பொட்டலமாக வாங்கி, ஈரத்துணி இல்லாத பையில் வைக்க வேண்டும். மலையிறங்கும்போது நியூட்ரலில் விடாமல், ஏறும்போது எந்த கியரில் வந்தீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். கருகல் வாடை வந்தால் வண்டியை ஓரமாக நிறுத்தி, சக்கரங்கள் ஆறும் வரை ஒரு அரைமணி நேரம் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருங்கள்.