செயற்கை வைரத்துக்குள் நிக்கல் இருக்கிறதா? இப்படிப் பாருங்கள்

உயர் அழுத்த முறையில் வளர்த்த வைரம் என்றால் இரும்பு, நிக்கல், கோபால்ட் மாதிரி ஏதோ ஓர் உலோகக் குழம்பில் கார்பனைக் கரைத்துத்தான் வளர்த்திருப்பார்கள், அந்த உலோகம் கொஞ்சம் உள்ளே மாட்டிக்கொள்வது சகஜம். முதலில் கல்லை நூலில் தொங்கவிட்டு வலுவான நியோடிமியம் காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோங்கள். கல் இழுபட்டால் உள்ளே உலோகத் துணுக்கு இருக்கிறது. இழுபடவில்லை என்றும் விட்டுவிடாதீர்கள், தனித்தனி அணுவாகப் புகுந்த நிக்கலைக் காந்தம் காட்டாது.

அதற்கு ஒளிர்வு நிறமாலைதான், அதாவது கல்லில் ஒளி பாய்ச்சி, அது திருப்பி உமிழும் ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்துப் பார்ப்பது; குறிப்பிட்ட அலைநீளத்தில் மட்டும் வரும் ஒளி அதில் கோடாகத் தெரியும். கல்லைத் திரவ நைட்ரஜனில் 77 கெல்வினுக்குக் குளிர்வித்து அளந்துபாருங்கள், அறை வெப்பத்தில் கோடுகள் அகன்று ஒன்றோடொன்று கலந்துவிடும். 883, 885 நானோமீட்டர் பக்கத்தில் ஒட்டி நிற்கும் இரட்டைக் கோடு வந்தால் நிக்கல்தான். ஆனால் ஒரே இடத்தில் அளந்து முடிவு கட்டாதீர்கள்: வைரம் வளரும்போது எண்முகி முகங்கள் (எட்டு முக்கோண முகங்கள் கொண்ட வடிவத்தின் முகங்கள்), கனசதுர முகங்கள் என்று வெவ்வேறு முகங்களில் வளரும், இந்தக் கோடு எண்முகி முகங்களில் வளர்ந்த பகுதியில்தான் வரும், கனசதுர முகப் பகுதியில் தேடினால் கிடைக்காது. அதனால் முன்னாடியே புற ஊதா ஒளியில் பகுதிகளின் எல்லையைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், இந்த வேலையிலேயே நான் ரொம்ப முக்கியமாக நினைப்பது இதைத்தான்.

அப்புறம், அளவும் தெரிய வேண்டுமானால் எலக்ட்ரான் சுழல் ஒத்ததிர்வுக் கருவி வேண்டும், அது காந்தப்புலத்தில் வைத்த கல்லில் உள்ள இணையில்லாத எலக்ட்ரான்கள் நுண்ணலையை உறிஞ்சுவதை அளக்கும். அதில் ஜி மதிப்பு (கோடு எங்கே விழுகிறது என்று சொல்லும் எண்) 2.0319 என்று வரும் கோடு, கார்பன் அணுவின் இடத்தில் உட்கார்ந்த, எதிர்மின்சுமை கொண்ட நிக்கலுடையது. அந்த ஒரு வடிவத்தை மட்டும்தான் அது எண்ணும், மொத்த நிக்கலை அல்ல.