கோடைச் சாக்கேயில் ஐஸ் போடும் முன்

போன வாரம் கியோத்தோவில் ஒரு நண்பர் வீட்டில் கூடியிருந்தோம். ஜப்பானுக்குப் புதிதாக வந்த இரண்டு தம்பிகள் ஆளுக்கொரு நீல பாட்டிலோடு வந்தார்கள். டம்ளர் நிறைய ஐஸ், அதன்மேல் ஜப்பானிய அரிசி மதுவான சாக்கே. ஐந்து நிமிடம் கழித்து, "தண்ணி மாதிரி இருக்கே அண்ணா!" முதல் கோடையில் நானும் இதையேதான் சொன்னேன். புதிதாக வருகிறவர்கள் செய்யும் ஐந்து தவறுகள் இவை.

நீல பாட்டில் என்றாலே ஐஸ் என்று நினைப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். மே, ஜூன் மாதங்களில் கடைகளுக்கு வரும் கோடைச் சாக்கேக்கு 'நட்சுஸாக்கே' என்று பெயர். அதற்குச் சட்டத்தில் தனி இலக்கணம் ஏதும் இல்லை. அதனால் ஒரே மாதிரியான நீல பாட்டிலுக்குள் நேரெதிரான இரண்டு சரக்குகள் இருக்கலாம். ஒன்று, 13 சதவீத ஆல்கஹாலோடு லேசாகச் செய்தது. ஃப்ரிட்ஜில் குளிரவைத்து அப்படியே குடிக்க வேண்டியது. மற்றது கென்ஷு. ஐஸுக்கு ஏற்றது இதுதான்.

புளித்த அரிசிக் கலவையைப் பிழிந்தெடுக்கும் சாக்கே பல சமயம் 18, 20 சதவீதம்வரை இருக்கும். அதில் தண்ணீர் சேர்த்து 15, 16க்கு இறக்கிய பிறகே பாட்டிலில் அடைப்பது வழக்கம். அப்படித் தண்ணீர் சேர்க்காமல் விட்டதுதான் கென்ஷு. ஏற்கெனவே தண்ணீர் சேர்த்ததில் ஐஸ் போடுவது, பால்காரர் ஊற்றியது போதாதென்று நாமும் ஒரு சொம்பு ஊற்றுகிற கதை.

கணக்கும் அதைத்தான் சொல்கிறது. 60 மில்லி சாக்கேயில் 20 மில்லி ஐஸ் உருகினால் 18 சதவீத கென்ஷு 13.5க்கு வரும், குடிக்க இதமாக இருக்கும். 13 சதவீதச் சாக்கே பத்துக்கும் கீழே போய்விடும்.

நான் பாழாக்கியது கியோத்தோவின் ஃபுஷிமி பகுதியில் 5,000 யென் கொடுத்து வாங்கிய தைகின்ஜோ. அரிசியில் பாதியையாவது தீட்டிக் கழித்துவிட்டுச் செய்வது அது. பேரிக்காய், முலாம்பழ வாசனைக்காகத்தான் அந்த விலை. கடுங்குளிரில் வாசனை எழும்பாது. உருகிய தண்ணீர் மிச்சத்தையும் கரைத்துவிடும். இரண்டே நாளில் பாட்டிலை முடித்துவிட்டு, கடைக்காரரிடம் போய், "சுமார்தான்" என்றேன். அவர் கேட்டது ஒரே வார்த்தை: "ஐஸா?"

லேபிளில் 'கென்ஷு' என்பதற்கான இரண்டு ஜப்பானிய எழுத்துகளை (原酒) தேடுங்கள். கிடைக்காவிட்டால் ஆல்கஹால் அளவைப் பாருங்கள். 17க்குக் கீழே என்றால் நான் ஐஸ் போடமாட்டேன்.

வீட்டு ஐஸ்

ஃப்ரீசரில் கருவாட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஐஸ் கருவாட்டைத்தான் ஞாபகப்படுத்தும். கன்வீனியன்ஸ் ஸ்டோரில் பையில் விற்கும் கெட்டியான, கண்ணாடி மாதிரி ஐஸை வாங்குங்கள். பெரிய கட்டியாக ஒன்றிரண்டு போதும். பொடி ஐஸ் உடனே கரைந்துவிடும்.

முதல் வாயை ஐஸோடு குடிப்பது

முதலில் ஐஸ் இல்லாமல் ஒரு வாய். கென்ஷு நாக்கில் கனமாக, தித்திப்பாக நிற்கும். அப்புறம் ஐஸ் போட்டு இரண்டு மூன்று நிமிடம் விட்டு இன்னொரு வாய். கனம் இறங்கி, உள்ளே மறைந்திருந்த புளிப்பு தெரியும். அதற்கு மேலும் காத்திருந்தால் ருசி சரியத் தொடங்கிவிடும். எனக்குப் பிடித்தது அந்த நடுக்கட்டம்.

நமாவை வெளியில் வைப்பது

சூடுபடுத்திப் பதப்படுத்தாத சாக்கே அது. ஃப்ரிட்ஜ். அவ்வளவுதான்.

பக்கத்தில் தண்ணீர் வைக்காதது

ஐஸ் போட்ட கென்ஷு சர்பத் மாதிரி இறங்கும். எழுந்து நிற்கும்போதுதான் போதை தெரியும்.