பணக் கணியக் கோட்பாட்டைச் சந்தைக் கணக்காகப் போட்டுப் பார்ப்பது எப்படி?

உயர்தரத்தில் பொருளியல் படிப்போர் பலர், பணம் பெருகினால் விலை ஏறும் என்ற ஒரு வரியோடு இக்கோட்பாட்டை முடித்துவிடுகின்றனர். அந்த வரி எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதை அறிய யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையின் ஒரு காலைப்பொழுதைக் கணக்காக எழுதிப் பாருங்கள்.

கத்தரிக்காய் மட்டுமே விற்பனையாகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கு புழங்கும் பணம் 10,000 ரூபா. ஒவ்வொரு ரூபாவும் சராசரியாக 5 தடவை கைமாறுகிறது; இதுவே சுற்றோட்ட வேகம். விற்பனை 250 கிலோ. தோட்டக்காரர் வியாபாரிக்கு விற்ற கூடையை அந்த வியாபாரி மீண்டும் விற்றால், அதை இருமுறை எண்ண வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். பணத்தைச் சுற்றோட்ட வேகத்தால் பெருக்கினால் 50,000. அதை 250ஆல் வகுத்தால் கிலோவுக்கு 200 ரூபா. இந்தச் சமன்பாட்டை 1911இல் பிரபலமாக்கியவர் அமெரிக்கப் பொருளியலாளர் ஏர்விங் பிஷர் என்றாலும், கருத்து ஸ்கொட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூம் 1752இல் எழுதிய கட்டுரையிலேயே தெளிவாக உள்ளது.

இனிப் பணத்தை 20,000 ஆக்குங்கள். விலை 400 ஆகும். ஆனால் சமன்பாடு மட்டும் எதையும் நிறுவாது, ஏனெனில் கொடுத்த பணமும் வாங்கிய பணமும் எப்போதும் ஒன்றே. சம்பள நாள், சீட்டு, கடைக் கடன்கொப்பி போன்ற வழக்கங்களால் அமையும் வேகம் மெதுவாகவே மாறும் என்றும், விளைச்சலை நிலமும் உழைப்பும் தீர்மானிக்கும் என்றும் சேர்த்துச் சொன்னால்தான் அது தொல்சீர் பொருளியலாளரின் கோட்பாடாகும். புதுப் பணம் வந்து விலை ஏறி முடியும்வரையுள்ள இடைவெளியில் தொழில் சுறுசுறுப்படையும் என்பதை ஹியூமே ஒப்புக்கொண்டார்.

அடுத்து, பணத்தைத் தொடாமல் விற்பனையை 125 கிலோவாகக் குறையுங்கள். விலை அதே 400தான். 2006 ஓகஸ்டில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை மூடப்பட்டபின் குடாநாட்டில் பொருள்களின் விலை ஏறியதை நேரில் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அப்படியானால் விலையேற்றத்துக்குப் பணம்தான் காரணமா என்று சோதிப்பது எப்படி? ஆங்கிலப் பொருளியலாளர் டேவிட் றிக்காடோ 1810இல் கையாண்ட வழியைப் பின்பற்றலாம். இங்கிலாந்து வங்கி தன் நாணயத்தாளுக்குப் பொன் கொடுப்பதை 1797இல் நிறுத்தியிருந்தது. ஓர் அவுன்ஸ் பொன்னுக்கு நாணயச்சாலை விலை 3 பவுண் 17 சிலிங் 10½ பென்ஸ்; சந்தையிலோ 4 பவுணுக்கு மேல் போயிற்று. அந்த வித்தியாசத்தை, தாள் அளவுக்கு மிஞ்சி வெளியிடப்பட்டதற்கான அடையாளமாக அவர் கொண்டார். (நாம் நகை நிறுக்கும் பவுணும் பின்னர் வந்த ஆங்கில நாணயமொன்றின் எடைதான், ஏறக்குறைய 8 கிராம்.) கத்தரிக்காய் மட்டும் ஏறிப் பொன் அசையாதிருந்தால், முதலில் தோட்டத்தையும் பாதையையும் பாருங்கள், இரண்டும் சேர்ந்து ஏறினால் மட்டுமே பணத்தைச் சந்தேகியுங்கள்.