சார்பு வரைபுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லடியில் நான் கணிதம் சொல்லிக்கொடுக்கும் பதினோராம் தரப் பிள்ளைகள் அதிகம் விடும் பிழை இது: வை = (எக்ஸ் − 3)² என்று எழுதியதும், கழித்தல் குறியைக் கண்டு எக்ஸ்² வரைபை இடப்பக்கம் நகர்த்திவிடுவார்கள்.

"சேர், கழித்தல் என்றால் இடப்பக்கம்தானே?" என்று ஒரு பிள்ளை கேட்டாள்.

"எக்ஸுக்கு என்ன போட்டால் அடைப்புக்குள்ளே பூச்சியம் வரும், மகள்?"

−3 போட்டுப் பார்த்தாள், 36 வந்தது. 3 போட்டாள், பூச்சியம். பேசாமல் அழிறப்பரை எடுத்தாள்.

கழித்தல் இருந்தும் வரைபு வலப்பக்கம் போவது ஏன்? கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு 6 மணிக்கு வெளிக்கிட வேண்டிய பஸ் அரை மணித்தியாலம் பிந்திவிட்டது என்று வையுங்கள். 7 மணிக்கு அது எங்கே நிற்கும்? நேரத்துக்கு வெளிக்கிட்டிருந்தால் 6.30க்கு நின்றிருக்கும் இடத்தில். அதாவது 7இலிருந்து அரையைக் கழித்துப் பழைய வரைபில் பார்க்கிறோம். பிந்திய பஸ்ஸின் தூர-நேர வரைபோ வலப்பக்கம் தள்ளி நிற்கிறது. கழித்தலும் வலப்பக்கமும் சேர்ந்து வருவது இதனால்தான். அடைப்புக்கு வெளியே +2 இருந்தால் குழப்பமில்லை, இரண்டு அலகு மேலே.

(2எக்ஸ் − 6)² வந்தால் 6 அலகு நகர்த்துவது அடுத்த பிழை. முதலில் 2ஐ வெளியே எடுங்கள்: 2(எக்ஸ் − 3). நகர்வு 3தான். அப்புறம், 2ஆல் பெருக்கியதால் வரைபு விரியாது, ஒடுங்கும். எக்ஸ் 4 ஆகும்போது உயரம் 1 அல்ல, 4.

தெறிப்பை, அதாவது கண்ணாடியில் தெரிவதுபோல வரைபைத் திருப்புவதைப் பழக எக்ஸ்² வரைபை எடுக்காதீர்கள். எக்ஸுக்குப் பதில் −எக்ஸ் போட்டாலும் அது மாறாது, பிழை மறைந்துவிடும். (எக்ஸ் − 2)² நல்லது. முழுவதற்கும் முன்னால் மறைக்குறி (−) போட்டால் வரைபு தலைகீழாகும், திரும்பற் புள்ளி (2, 0) அசையாது. எக்ஸுக்கு மட்டும் போட்டால் புள்ளி (−2, 0)க்குப் போகும்.

சரிபார்க்கும்போதும் கவனம். பலர் எக்ஸ் = 0 போட்டுத் திருப்திப்படுகிறார்கள். (எக்ஸ் − 3)²க்கு 9 வரும், பிழையாக இடப்பக்கம் வரைந்த (எக்ஸ் + 3)²க்கும் அதே 9தான். 1 போடுங்கள். முதலாவதில் 4, மற்றதில் 16.